கணக்கை எந்தப் பக்கம் போடுவது?

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் மீது ஒரு கோபம் வரும். "நானே எழுதின ப்ராப்பர்ட்டி சார். ப்ரிண்ட் பண்ணினா வருது, ஃபில்டர்ல போட்டா மட்டும் எர்ரர் அடிக்குது" என்பார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் டேட்டாபேஸ் மேல் தப்பில்லை.

பைத்தான் மொழியின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் 'உறுப்பினர்' என்று ஒரு மாடல் இருக்கிறது என்று வையுங்கள். அதில் பிறந்த தேதி மட்டும் பதிவாகியிருக்கும். வயதை யாரும் சேமிப்பதில்லை. சேமித்தால் பிறந்தநாள் தவறாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். எனவே தேதியிலிருந்து வயதைக் கணக்கிட்டுத் தரும் ப்ராப்பர்ட்டி ஒன்றை எழுதிக்கொள்கிறோம். திரையில் அழகாகக் காட்டுகிறது. வயது 60 அல்லது அதற்கு மேல் என்று ஃபில்டர் போட்டதும், 'அப்படி ஒரு ஃபீல்டே கிடையாது' என்று சொல்லி, இருக்கிற ஃபீல்டுகளின் பட்டியலையும் நீட்டுகிறது ஜாங்கோ.

ஊரே 'ஆலமரத்துக் காடு' என்று சொல்லும் நிலம், கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் புல எண்ணாகத்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான். ஃபில்டர் எஸ்க்யூஎல்லாக மாறி போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸுக்குப் போகிறது. நம் பைத்தான் நிரலில் எழுதியது அதன் கண்ணில் படுவதே இல்லை.

இந்த இடத்தில் பலர் குறுக்குவழி தேடுவார்கள். எல்லா வரிசைகளையும் மெமரிக்குக் கொண்டுவந்து, ஒரு லூப் போட்டு வடிகட்டுவது. சோதனைக்கு வைத்த ஐம்பது பேரில் சிட்டாகப் பறக்கும். பத்து லட்சம் பேர் வந்ததும் சர்வர் மூச்சுத் திணறும். மைக்ரோசாஃப்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் ஒரு காலத்தில், மொழிபெயர்க்க முடியாத ஃபில்டர்களைத் தானே இப்படிச் செய்து முடித்தது. லாக்கில் ஓர் எச்சரிக்கை விழும், அவ்வளவுதான். அதை யார் படிக்கிறார்கள்? 2019-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து முடியாது என்று எர்ரர் கொடுத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், முகத்துக்கு நேரே மறுப்பதே பெரிய உபகாரம்.

சரியான வழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. 2025 ஜூன் 10 அன்று 60 நிறைந்தவர் யார்? 1965 ஜூன் 10 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர். அந்த ஒரு தேதியை நம் பக்கம் ஒரே தடவை கணக்கிட்டு அனுப்பினால் போதும். பிறந்த தேதியில் இன்டெக்ஸ் இருந்தால் அதுவும் பயன்படும். (18 வயதுக்கான தேதியை ஆண்டை மட்டும் மாற்றி எடுப்பவர்கள் 2028 பிப்ரவரி 29-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் அந்த நாளே கிடையாது.)

விலை பெருக்கல் எண்ணிக்கை போல, அந்த வரிசைக்குள்ளேயே விடை இருக்கிற கணக்கென்றால் டேட்டாபேஸிடமே கொடுத்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து அதற்கு ஜெனரேட்டட் நெடுவரிசை இருக்கிறது, ஜாங்கோவும் 5.0-ல் கொண்டுவந்துவிட்டது. வயதுக்கு மட்டும் அது உதவாது. இன்றைய தேதியைப் பொறுத்து மாறுகிற எதையும் அந்த நெடுவரிசை ஏற்காது.

இவ்வளவையும் கற்றுக்கொண்ட பிள்ளைகள்கூட மனிதர்களிடம் சறுக்குவதைப் பார்க்கிறேன். "முக்கியமான வாடிக்கையாளர் லிஸ்ட் கொடு" என்கிறார் மேலாளர். 'முக்கியம்' என்று எந்த அட்டவணையிலும் நெடுவரிசை இல்லை. அது அவர் மனதில் ஓடும் ப்ராப்பர்ட்டி. நிறைய வாங்கியவரா, நெடுநாளாக வருபவரா, பாக்கி வைக்காதவரா? கேட்காமல் உட்கார்ந்து எழுதிக்கொடுத்துவிட்டு, "அவருக்குத் திருப்தியே கிடையாது" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. வீட்டில் "கொஞ்சம் பொறுப்பா இரு" என்று நாம் சொல்வதும் இந்த ரகம்தான். எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்த பில்லைக் கட்டவேண்டும் என்று சொன்னால் கேட்பவருக்கும் புரியும்.

மனிதரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். டேட்டாபேஸுக்குப் போவதைப் பார்க்கவும் வழி இருக்கிறது: ஜாங்கோவில் கொயரிசெட்டின் 'கொயரி'யை ப்ரிண்ட் செய்தால், போகவிருக்கும் எஸ்க்யூஎல் ஏறத்தாழ அப்படியே கண்முன் நிற்கும். அடுத்த முறை விடை எதிர்பார்த்தபடி வராவிட்டால், என்னைத் தேடி வருவதற்கு முன் அதை ஒருதரம் படித்துவிட்டு வாருங்கள்.