மூணு கேள்விக்குறி

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்ச நேரத்துல டான் ஷெக்ட்மன் கதையைப் படிச்சுட்டு இருந்தேன். படிக்கப் படிக்க உறுத்த ஆரம்பிச்சுடுச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

தரையில டைல்ஸ் பதிக்கறதைப் பார்த்திருப்பீங்க. முக்கோணம், சதுரம், அறுகோணம் எல்லாம் சந்து இல்லாம ஒட்டிக்கும். ஒழுங்கான ஐங்கோணம் ஒட்டாது. படிகத்துல அணுக்கள் ஒரே பாணியில திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும், அதனால ஒரு சுத்துல அஞ்சு தடவையோ பத்து தடவையோ ஒரே மாதிரி தெரியற படிகம் கிடையவே கிடையாதுன்னு பாடப்புத்தகங்கள் சொல்லிச்சு. 1982 ஏப்ரல் 8, அமெரிக்காவோட நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல ஷெக்ட்மன் ஒரு அலுமினியம்-மாங்கனீசு கலவையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். வட்டமா பத்துப் புள்ளி! நோட்டுல 'பத்து'ன்னு குறிச்சு பக்கத்துல மூணு கேள்விக்குறி போட்டார்.

போய்ப் பாடப்புத்தகத்தைப் படின்னாங்களாம். அப்புறம் ஆய்வுக் குழுவை விட்டே போகச் சொல்லிட்டாங்க. 1984ல அனுப்பின கட்டுரையை ஜர்னல் ஆஃப் அப்ளைட் பிசிக்ஸ் திருப்பி அனுப்பிடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல வந்துச்சு. ரெண்டு நோபல் வாங்கின லைனஸ் பாலிங் 1994ல சாகற வரைக்கும் ஒத்துக்கலை. ஷெக்ட்மனுக்கு 2011ல நோபல்.

எனக்கு உறுத்தினது இதெல்லாம் இல்லை. கட்டுரை வந்ததும் பல ஊர் விஞ்ஞானிகள் தங்களோட டிராயரைக் குடைஞ்சாங்க. அதே மாதிரிப் புள்ளிகளை அவங்களும் முன்னாடியே பார்த்திருக்காங்க. 'இரட்டைப் படிகம்'னு முடிவு பண்ணி மூடி வெச்சிருந்தாங்க.

அதுக்காக ரிஜெக்ட் ஆனவன் எல்லாம் ஷெக்ட்மன் ஆகிட முடியாது. (தானா ஓடற மெஷின் கண்டுபிடிக்கற அண்ணாச்சிகளும் இந்தக் கதையைத்தான் இழுப்பாங்க.) வடிகட்டியில அந்தப் பக்கமும் ஓட்டை இருக்கு. பெல் லேப்ஸ் ஷோனோட போலி முடிவுகள் சயின்ஸ், நேச்சர் ரெண்டுலயும் ரிவ்யூ தாண்டி வந்து 2002லதான் மாட்டுச்சு. ரிவ்யூ பண்றவர் கையில இருக்கறது பேப்பர் மட்டும்தானே, சோதனை பண்ணின பொருள் இல்லையே.

என் விஷயத்துல ரெண்டுமே கையில இருந்துச்சு. பில்லிங் ரிப்போர்ட் எப்பவாவது பத்து இருபது ரூபா இடிக்கும். ஜூனியர் பையன் ஒருத்தன், 'ஒரே நொடியில ரெண்டு ஆர்டர் வந்தா ஒண்ணு இன்னொண்ணை அழிச்சுடுதுண்ணா'ன்னு கோடை மாத்தி ரிவ்யூவுக்கு அனுப்பினான். 'அஞ்சு வருஷமா ஓடற கோட், டாகுமென்டைப் படிச்சுட்டு வா'ன்னு ரிஜெக்ட் பண்ணிட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்கலை. எட்டு மாசம் கழிச்சு, போன வாரம், கிளையன்ட்டே கண்டுபிடிச்சுட்டாங்க. பழைய டிக்கெட்டைத் தேடினா, பையன் சொல்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அதே லாக் எனக்கு வந்திருக்கு. 'டெஸ்ட் டேட்டா பிரச்சினை'ன்னு நானேதான் மூடியிருக்கேன்.

பையன் இப்போ வேற டீம். நேத்து போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், 'அந்தக் கோட் இன்னும் இருக்குண்ணா, அனுப்பட்டா?'ன்னான். வாங்கி ஓட்டினேன். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகுது. நாளைக்கு அவன் கூட உட்கார்ந்து பார்க்கணும்.