விளக்கு எரியுதா பாரு

கோயிலுக்குள் நுழைந்ததும் ஆச்சி பீடத்தையோ சுரூபங்களையோ பார்க்கமாட்டாள். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் சிவப்புக் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். "விளக்கு எரியுதா பாரு. எரிஞ்சா ஆண்டவர் உள்ள இருக்காரு. முழந்தாள் போடு." பாஷை தெரியாத ஊரில்கூட, எந்தக் கோயிலுக்குள் போனாலும் என் கண் இன்றும் முதலில் அந்தச் சிவப்பைத்தான் தேடுகிறது.

*

எங்கள் ஊரில் இருந்தது எண்ணெய் விளக்கு. குவளையில் பாதிக்குத் தண்ணீர், அதன்மேல் தேங்காயெண்ணெய், எண்ணெயில் மிதக்கும் தக்கைத் துண்டு, அதன் நடுவே நூல்திரி. எண்ணெய் தீர்ந்தால் திரி தண்ணீரைத் தொட்டுத் தானே அணைந்துவிடும். அப்படி அணையவிடாமல் பார்த்துக்கொள்வது கோயில்பிள்ளையின் பொறுப்பு. மாதத்துக்கு ஒரு வீடு எண்ணெய் கொடுக்கும். எங்கள் முறை ஆடியில் வரும். காற்று அடித்து, வள்ளம் கரையிலேயே கிடக்கும் மாதம். குழம்புக்குத் தாளிக்க எண்ணெய் இல்லாத நாளிலும் எங்கள் வீட்டிலிருந்து விளக்குக்கு எண்ணெய் போயிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றின் பாலிலிருந்து நாளுக்கு ஓர் உழக்கு நெய். வேறு சாமி, வேறு காலம். ஆனால் எண்ணெய்க்கு வழி சொல்லாமல் அணையா விளக்கு கிடையாது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

*

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 940-ஆம் விதி, நற்கருணைப் பேழையின் முன் தனி விளக்கு ஒன்று இடைவிடாமல் எரியவேண்டும் என்கிறது. எண்ணெயோ மெழுகோ எரியவேண்டும் என்பது திருப்பலி நூலின் முன்னுரையில் உள்ள ஒழுங்கு. கண்ணாடி சிவப்பாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது வழக்கம் மட்டுமே. முற்காலத்தில் ஒலிவ எண்ணெயைத்தான் கேட்டார்கள். யாத்திராகமத்தில் கடவுள் மோசேயிடம் கேட்டதும் இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெயைத்தான். சிறுவன் சாமுவேலை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரவில், ஆலயத்து விளக்கு இன்னும் அணையாமல் இருந்தது என்று வேதாகமம் ஒரு வரி சொல்கிறது. கதைக்கு அந்த வரி தேவையே இல்லை. இருந்தும் எழுதிவைத்தவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

*

பெரிய வியாழன் இரவு. பூசை முடிந்து நற்கருணையை வேறொரு பீடத்துக்குப் பவனியாகக் கொண்டுபோனார்கள். எனக்கு ஏழு வயது. கூட்டம் அங்கே போய்விட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். பேழையின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பீடத்துத் துணியையும் கோயில்பிள்ளை உருவிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். "ஆண்டவர் போயிட்டாரா ஆச்சி?" என்றேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஆமா. நாளைக்கும் இருக்கமாட்டாரு" என்றாள்.

சாவைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அணைந்த அந்த விளக்குதான். சனிக்கிழமை இரவு கோயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியில் சிலுவையும் அகரமும் னகரமும் அந்த ஆண்டின் நான்கு எண்களும் வரைந்து, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, அதைக் கொளுத்தி இருட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆள்மாற்றி ஆள் தீ வாங்கினோம். அன்று பாடும் பாஸ்காப் புகழுரை, மெழுகு தந்த தேனீக்களையும் மறக்காமல் போற்றுகிறது.

*

நேர்ச்சைத் திரி வேறு வகை. அணையா விளக்கு ஆண்டவர் இருப்பதைச் சொல்கிறது. நேர்ச்சைத் திரி, நான் வந்திருந்தேன் என்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், ஆஸ்பத்திரிக்குத் திரும்பவேண்டும். நாம் கிளம்பிய பிறகும் நமக்காக அது நின்று வேண்டுகிறது. 1858-இல் லூர்து கெபியில், மாதாவின் காட்சி கண்ட சிறுமி பெர்னதெத் தன் சித்தியிடம் கேட்டு வாங்கிய மெழுகுதிரியை எரியவிட்டு வீட்டுக்குப் போனாள். இன்று அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வேளாங்கண்ணியில் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி வாங்கித் தோளில் சுமந்துபோகும் தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் ஒரு திருத்தலத்தில் நடந்தது இன்னும் உறுத்துகிறது. என் தங்கை ஏற்றிய திரி ஒரு விரற்கடைகூட எரியவில்லை. பணியாளர் ஒருவர் வந்து வரிசை முழுவதையும் ஊதி அணைத்து வாளியில் போட்டார். இடம் இல்லை என்றார். கூட்டம் அதிகம்தான், மெழுகு வழுக்கும்தான். ஆனாலும் அவள் முகத்தை நான் பார்த்தேன். இடம் போதாவிட்டால் வாங்கி வைத்து, கூட்டம் குறைந்த நாளில் எரிக்கலாம். காசு போட்டால் ஒளிரும் மின்விளக்குத் திரிகளையும் என் மனம் ஏற்கவில்லை. புகைக்கரி பழைய ஓவியங்களைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் குறைந்துகொண்டே போவதுதான் காணிக்கை, பல்பு குறைவதில்லை.

*

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும்கூடத் திரி கொளுத்துவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் அங்கே குண்டு வெடித்தது. உள்ளே போக முடியாத நாட்களில் சனம் வெளியே தெருவில் நின்று மெழுகுதிரி ஏற்றியது.

*

பிப்ரவரி 2 பூசையில் மந்திரித்த திரிகளை ஆச்சி டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருப்பாள். மறுநாள், புனித பிளேசியார் நாளில், சாமியார் அப்படிப்பட்ட இரண்டு திரிகளைச் சிலுவைபோல் சேர்த்து எங்கள் தொண்டையில் வைத்து மந்திரிப்பார். மெழுகு வாசம் அடிக்கும். புயல் நாளிலும் யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கும்போதும் மட்டும் ஆச்சியின் பெட்டி திறக்கும்.

அவள் போன இரவில் பெட்டியைத் திறந்தது நான். மூன்று திரிகள் இருந்தன, இரண்டு புதியவை. மூன்றாவது பாதி எரிந்தது, தாத்தாவுக்கு ஏற்றியது. அதைத்தான் எடுத்துக் கொளுத்தினேன்.