கழுவாத பிளாக்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் ஓர் அம்பாசிடர் காரின் தேய்ந்த பேரிங் மெட்டல்கள். "பழைய இரும்புக்குப் போட்டுட்டேனுங்கண்ணா" என்று ஒருவரிடம் நான் பொய் சொன்னது இவற்றைப் பற்றித்தான்.

1996, சித்திரைக் கடைசி. அப்பா திருச்செங்கோட்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். 1978 மாடல் பெட்ரோல் வண்டி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக இங்கிலாந்திலிருந்து வந்த 1489 சிசி இன்ஜின். ஆயில் குடித்தது, நீலப்புகை விட்டது, சின்ன மேட்டுக்கே இரண்டாவது கியர் கேட்டது. எங்கள் பக்கத்தில் இன்ஜின் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போட வடநாடு வரை போகின்றன. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பட்டறைக்கு விட வேண்டாம், நானே இறக்கி வேலை செய்கிறேன் என்றேன். அப்பா நம்பினார்.

வாசல் வேப்பமரத்தில் செயின் பிளாக் கட்டி இன்ஜினைத் தூக்கினேன். பிரிப்பதில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தது என்று எழுதி வைத்தேன். பிளாக்கையும் கிராங்க்கையும் டெம்போவில் ஏற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். நான்கு சிலிண்டரையும் 20 சைஸுக்கு போர் அடித்து, ஹோனிங் போட்டு, கிராங்க்கையும் கிரைண்டிங் செய்து கொடுத்தார். பிளாக்கை டெம்போவில் ஏற்றும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, மண்ணெண்ணெய் பத்தாதுங்க. சுடுதண்ணியில சோப்புப் போட்டு பிரஷ் விட்டுத் தேய்ங்க. ஆயில் போற வழியில பிளக்கைக் கழட்டி, அதுக்குள்ளயும் பிரஷ் விடுங்க. வெள்ளைத் துணியில தொடைச்சா கறுப்பு வரக் கூடாது."

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஹோனிங் கல் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடும். ஆயில் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும். ஆனால் கல்லிலிருந்து உதிர்ந்த பொடி அந்தக் கோடுகளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அதை இளக்கிப் பரப்புமே தவிர வெளியேற்றாது. ஆயில் பாதைக்குள் விழுந்த பொடி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் நேராக பேரிங்குக்குப் போகும். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம்.

எல்லாம் எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன், காதாலும் கேட்டேன். இருந்தும் செய்யவில்லை. வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. அர்த்தநாரீஸ்வரர் கோயில் விசாகத் தேரும் வந்துகொண்டிருந்தது. வண்டி ஓடினால்தான் அந்த மாதம் காசு. பிளக் ஒன்று இறுகிக் கிடந்தது. கழற்ற அரை நாள் ஆகும் என்று விட்டுவிட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றி, பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். கடைசியாகத் துடைத்த துணியில் சாம்பல் நிறம் இருந்தது. பார்த்தேன். துணியைத் தூர எறிந்துவிட்டு பிஸ்டனை இறக்கினேன்.

வண்டி முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. அப்பா என் தோளைத் தட்டினார். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அடியிலிருந்து தட்டல் சத்தம் கேட்டது. மீண்டும் புகை. இறக்கிப் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல். பேரிங் மெட்டலில் நகத்தை ஓட்டினால் மணல்தாள் போல் நெருடியது. கல்பொடி அதில் பதிந்திருந்தது. யார் குற்றம் என்பதில் எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை.

அப்பா பக்கத்தில் நின்று கேட்டார்: "என்னாச்சு கண்ணு?"

"போர் சரியா அடிக்கலைங்கப்பா" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் என்னை உறங்கவிடாதது. பிளாக்கைத் திரும்பக் கொண்டுபோனோம். லேத் அண்ணன் டயல் கேஜ் விட்டு அளந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "கழுவினீங்களா தம்பி?" என்றார். கழுவினேன் என்றேன். "பழைய மெட்டலைக் கொண்டாந்தீங்களா?" என்றார். அதற்குத்தான் பழைய இரும்புக் கதை. பக்கத்தில் அப்பா நின்றதாலோ என்னவோ, அதற்குமேல் கேட்கவில்லை. 40 சைஸுக்குக் கூலி வாங்காமல் போர் அடித்தார். பிஸ்டன், ரிங் செட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். இந்த முறை பிளக்கைக் கழற்றி, சோப்புப் போட்டு, இரண்டு நாள் கழுவினேன். அந்த இன்ஜின் பல ஆண்டுகள் ஓடியது.

அப்பா கார் ஸ்டாண்டில் சொன்னார். பொய் என்று தெரியாமல் சொன்னார். அங்கிருந்து அது லாரிக்காரர்களிடம் போனது. அந்தப் பட்டறையில் போர் நிற்காது என்று நான் அறியாதவர்களே என்னிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ரோட்டரி இன்ஜின் பற்றிப் படித்தேன். அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள்தான் அதற்கு உயிர். ஹிரோஷிமாவின் மாஸ்டா பொறியாளர்கள், அந்தச் சீல்கள் உள்சுவரில் போட்ட கீறல்களைச் சாத்தானின் நகத்தடம் என்றார்கள்; கென்இச்சி யமமோட்டோவின் குழு அதைத் தீர்த்த பிறகே 1967-இல் காஸ்மோ விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனம் ரோ 80 காரை வெளியிட்டது. சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. நிறுவனம் வாரண்டியில் இன்ஜின்களை மாற்றிக் கொடுத்தது. அந்தச் செலவும் சேர்ந்து அழுத்தியதில் 1969-இல் வோக்ஸ்வாகன் குடையின் கீழ் போனது. தன் தவறுக்குத் தானே பணம் கட்டியது அந்த நிறுவனம். என் தவறுக்குப் பணம் கட்டியவர் லேத் அண்ணன்.

அதைப் படித்த வாரமே அவரைத் தேடிப் போனேன். பட்டறையை எப்போதோ மூடியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்டன் காசை நீட்டினேன், வாங்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க தம்பி. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? ஊருக்குள்ளதானே பேச்சுப் போச்சு, அங்க சொல்லுங்க" என்றார்.

அந்தக் கார் ஸ்டாண்டில் அன்றிருந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அப்பாவும் இல்லை. மீதமிருப்பவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். 1996-இல் அந்த அம்பாசிடரின் நான்கு சிலிண்டர்களும் சரியாகத்தான் போர் அடிக்கப்பட்டிருந்தன. பிளாக்கைக் கழுவாதவன் நான்.