டாக்ஸி வருகிறது

சினிமா பார்க்கிறவர்களில் கதையைப் பார்ப்பவர்கள் உண்டு. கதாநாயகியைப் பார்ப்பவர்கள் உண்டு. பாகூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் டாக்ஸியை மட்டும் பார்க்கிறார். கதாநாயகன் எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும்போது இவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுவார். "பின்னால வர்ற வண்டியைப் பாரு தம்பி!" என்பார். கதாநாயகன் மறைத்துக்கொண்டு நிற்கிறானே என்று அவருக்குக் கோபம்.

எண்பது தாண்டிவிட்டது. முப்பது வருஷம் சொந்த அம்பாசடர் ஓட்டியவர். ஜிப்மருக்குப் பிரசவக் கேஸ், வில்லியனூர்த் தேருக்குக் குடும்பச் சவாரி, முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்பு - இதுதான் அவர் உலகம். வில்லியனூரிலிருந்து நான் வாரம் ஒருமுறை போவேன். டெலிவிஷனில் பழைய படம் ஓடும். எனக்குப் பாடமும் நடக்கும்.

நம் பழைய படங்களில் ஓடும் டாக்ஸிகளில் பல, பிறப்பால் இங்கிலீஷ்காரர்கள். 1954-ல் வந்த லேண்ட்மாஸ்டர், இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசை. 1957-ல் வந்த அம்பாசடர் அதே மாரிஸின் மூன்றாம் வரிசை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பெயர் சூட்டு விழா நடந்தது, அவ்வளவுதான். லேண்ட்மாஸ்டருக்குப் பின்புறம் வழுக்கென்று இறங்கும். அம்பாசடருக்கோ மீன் துடுப்பு மாதிரி இருபுறமும் சற்றே எழும்பி நிற்கும். 1962-ல் தொடங்கிய மார்க் டூவுக்கு முகத்தில் நெருக்கமாகக் கட்டம் போட்ட கிரில். 1975-ல் மார்க் த்ரீ வந்தபோது அதுவும் போயிற்று.

ஆனால் வண்டியை வைத்துப் படத்துக்கு வருஷம் சொல்வதில் பாதிதான் நிச்சயம். கட்டம் தெரிந்தால் படம் 1962-க்கு முந்தியது அல்ல. எவ்வளவு பிந்தியது என்று வண்டி சொல்லாது. புது மாடல் வந்த அன்றைக்கே பழசையெல்லாம் கடலிலா தள்ளிவிடுகிறார்கள்? கதை 1942-ல் நடப்பதாகக் கதர்க் குல்லாய் சகிதம் காட்டுவார்கள். தெருமுனையில் துடுப்பு வைத்த அம்பாசடர் திரும்பும். பெரியவர் சிரிக்கமாட்டார். "பதினஞ்சு வருஷம் முன்னாடியே வந்துட்டான்" என்று கணக்கு மட்டும் சொல்வார்.

ஒரு நாள் இங்கிலீஷ் படம் ஒன்று. லண்டன் தெரு, மழை, கறுப்பு டாக்ஸி. "இன்னா தம்பி, டிரைவர் பக்கத்துல கதவே இல்லியே?" என்றார். நானும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். ஆஸ்டின் எஃப்.எக்ஸ்.3, 1948 முதல் 1958 வரை வந்த வண்டி. டிரைவருக்கு இடப்புறம் ஆசனம் கிடையாது, பெட்டி வைக்கும் திறந்த மேடைதான். அடுத்து வந்த எஃப்.எக்ஸ்.4-க்கு நான்கு கதவு; ஆரம்ப வண்டிகளில் கூரை ஓரத்தில் முயல் காது போல் சிக்னல் விளக்குகள். லண்டன் டாக்ஸி 25 அடி வட்டத்துக்குள் திரும்பியாக வேண்டும் என்பது விதி என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பாகூர் கடைத்தெருவில் அம்பாசடரைத் திருப்பிய தோள் அல்லவா!

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. அவருடைய வண்டி 1964 மாடல். 1978-ல் சென்னை டாக்ஸிக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அதற்கு முன் பதினாலு வருஷம் மவுண்ட் ரோட்டிலும் சென்ட்ரலிலும் ஓடியிருக்கிறது. ஏதாவது ஒரு படத்தில், ஒரு மூலையிலாவது விழுந்திருக்காதா? 2008-ல் எடைக்குப் போட்டபோது யாருக்கும் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. மகனுடைய கல்யாண ஆல்பத்தில்கூட மாலை போட்ட பானெட்டின் ஓரம்தான் இருக்கிறது.

ஆகவே 1964-க்கு முந்திய படமென்றால் அவர் வெற்றிலை போட எழுந்துவிடுவார். கட்டமும் துடுப்பும் சேர்ந்து தெரிந்தால் பேரனை விட்டுப் படத்தை நிறுத்தச் சொல்வார். நம்பர் பிளேட் பெரும்பாலும் மாவாகக் கரைந்திருக்கும். அவர் தேடுவது வேறு அடையாளம்: இடது மட்கார்டில், வாங்கும்போதே இருந்த ஒரு நசுங்கல்.

போன வாரம் ஒரு கதாநாயகன் டாக்ஸியிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்தான். "காசு குடுக்காம போறான் பாரு, படுபாவி" என்றவர், சட்டென்று "நிறுத்து, நிறுத்து!" என்றார். இடது மட்கார்டில் ஏதோ கறுப்பாக இருந்தது. நிழலா, நசுங்கலா? மூன்று பேரும் டெலிவிஷன் அருகே போய்க் குனிந்தோம். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுடா. மெதுவா."

பேரன் போட்டான். வண்டி மறுபடியும் மூலை திரும்பிற்று.