தோளில் ரெட்டைக்குழல்: புதுசா வர்ற தம்பிக்கு நாலு வார்த்தை

எழுதி ரொம்ப நாளாச்சு. சூரமங்கலத்து வெயிலும் டூட்டியும் சேர்ந்து ஆளை அமுக்கிருச்சு.

எங்க தெருவுல ஒரு தம்பி இருக்கான். போன மாசம்தான் பட்டாளத்துலேருந்து பென்ஷன் வாங்கிட்டு வந்தான். ஒரு வங்கியில கன்மேன் வேலை கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், "ஏனுங்கண்ணா, பதினஞ்சு வருஷத்துக்கு மேல துப்பாக்கியோட நிக்கறீங்க. எனக்கும் ஏதாச்சும் சொல்லிக் குடுங்க"ன்னான். பாதி சொன்னேன். மீதிய நேர்ல சொல்ல வாய் வரலை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல துப்பாக்கியை இடுப்புல எல்லாரும் பாக்கற மாதிரி தொங்கவிட்டுக்கிட்டு மளிகைக்கடைக்குப் போகலாம். இங்க அந்தக் கதை ஆகாது. 1959 ஆயுதச் சட்டம், அதுக்குக் கீழ 2016 ஆயுத விதிகள். லைசென்ஸ் இருந்தாலும் பொது இடத்துல உறைக்குள்ள வச்சு, முழுசா மூடி, நம்ம கட்டுப்பாட்டுலதான் எடுத்துட்டுப் போகணும். குடகுல கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரங்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்துலேருந்தே லைசென்ஸ் எடுக்கறதுலேருந்து விலக்கு உண்டு. அதை 2029 அக்டோபர் 31 வரை நீட்டிச்சிருக்காங்க. அது அவங்க ஊரு, அவங்க வழக்கம். நம்ம பக்கம் போலீஸ் இல்லாத ஒருத்தன் பட்டப்பகல்ல தோள்ல துப்பாக்கியோட நின்னா, அவன் பெரும்பாலும் வங்கி வாசல் கன்மேன்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். தம்பிக்குச் சொன்னது இதுதான்.

1. காகிதம்தான் முதல் தோட்டா. துப்பாக்கி வங்கியோடதா இருந்தா, லைசென்ஸுல உன் பேரு ஏறியிருக்கான்னு நீயே உன் கண்ணால பாரு. "எல்லாம் ஏத்தியாச்சுப்பா"ன்னு யாராவது சொன்னா நம்பிட்டுப் போயிடாத. சேலம் மாநகரத்துக்குள்ள லைசென்ஸ் கமிஷனர் ஆபீஸ்ல. 2019 டிசம்பர்ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் 5 வருஷம் செல்லும், முன்னாடி 3 வருஷம்தான். முடியற தேதியை வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வை. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புதுப்பிக்க ஓடு.

2. துப்பாக்கியை யார் கையிலயும் குடுக்காத. மேனேஜர் பையன் போட்டோ எடுக்கணும்பான். உன் மச்சானே, "ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாக்கறேன் மாப்ள"ம்பான். சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னு சொல்லு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

3. கல்யாணம், கோயில் திருவிழான்னு வேட்டு போடக் கூப்பிடுவாங்க. மத்தவங்க உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி கொண்டாட்டத்துக்குச் சுட்டா 2 வருஷம் வரை ஜெயில், இல்லை 1 லட்சம் வரை அபராதம், இல்லை ரெண்டும். அதுவும் அதே 2019 திருத்தத்துல வந்ததுதான்.

4. தேர்தல் தேதி அறிவிச்சதும் லைசென்ஸ்காரங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. 2024 நாடாளுமன்றத் தேர்தலப்பவும் அப்படித்தான். வங்கிக் காவலுக்கு விலக்கு கிடைக்கும், ஆனா தானா வராது. எழுதிக் குடுத்து வாங்கணும். அந்தக் கடிதத்தோட நகல் எப்பவும் சட்டைப் பையில இருக்கணும்.

5. சுடறது பத்தி. 2024 ஜூலை 1-லேருந்து இபிகோ போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. தற்காப்பு உரிமை அதுல 34-வது பிரிவுலேருந்து 44 வரைக்கும். சாராம்சம் ஒண்ணுதான்: காப்பாத்திக்கறதுக்கு எவ்வளவு தேவையோ அதுக்கு மேல போகக்கூடாது. பணத்தைப் பிடுங்கிட்டு ஓடறவன் முதுகைப் பாத்து டிரிக்கரைத் தொடறதுக்கு முன்னாடி, நாளைக்கு கூண்டுல நின்னு என்ன சொல்லப் போறோம்னு யோசி. நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட சுட்டதில்லை. அதுதான் நான் வேலையை ஒழுங்கா பாத்ததுக்கு அத்தாட்சி.

6. நாக்கு. முதியோர் பென்ஷன் வாங்க வர்ற பாட்டி வரிசையை மீறுவாங்க. குடிச்சுட்டு வர்றவன் ஏக வசனத்துல திட்டுவான். துப்பாக்கி இல்லாதவன் பதிலுக்குக் கத்தினா அது சண்டை. துப்பாக்கி வச்சிருக்கறவன் கத்தினா அது மிரட்டல். அதனால "வாங்கம்மா, உக்காருங்கய்யா"தான் நமக்கு. எனக்கு வாய்த்துடுக்கு போனதே இந்த வேலைக்கு வந்த பிறகுதான். வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க :-)

இதெல்லாம் சொன்னது. இனி சொல்லாதது.

2009-ல நான் வேலைக்குச் சேந்த புதுசு. பதினேழு வருஷம் ரைஃபிள் பிடிச்ச கை. பன்னெண்டு போர் ரெட்டைக்குழல் என்ன பெரிய வித்தையான்னு ஒரு எகத்தாளம். காலையில மடக்கித் திறந்து ரெண்டு தோட்டா போடணும், சாயங்காலம் ரெண்டையும் எடுத்து எண்ணி வைக்கணும். அவ்வளவுதான் வேலை.

ஒரு சாயங்காலம் பின்னாடி ரூம்ல துப்பாக்கியைத் திறந்து வலது குழல் தோட்டாவை எடுத்துட்டேன். அந்த நேரம் பாத்து டீ கொண்டு வர்ற பையன், "அண்ணா, டீ ஆறுது"ன்னு வந்து நின்னான். தோட்டாவைப் பையில போட்டேன். துப்பாக்கியை மூடி சுவத்துல சாச்சேன். டீயை வாங்கினேன். அவன் காலி கிளாஸுக்காக எதிர்லயே நின்னுக்கிட்டு ஏதோ சினிமாக் கதை சொன்னான். குடிச்சு முடிச்சு துப்பாக்கியை எடுத்தப்போ குழல் அவன் வயித்தைத்தான் பாத்துச்சு. நான் கவனிக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்துல ராத்திரி டூட்டிக்கு வயசான ஒரு அண்ணன் வந்தாரு. துப்பாக்கியை நீட்டி, "காலிங்கண்ணா"ன்னேன். அவர் பதில் பேசாம திறந்தாரு. இடது குழல்ல பித்தளை மினுங்குச்சு.

திட்டலை. அந்தத் தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில வச்சு விரலை மூடிவிட்டு, "காலின்னு வாயால சொல்லாத கண்ணு. திறந்து காட்டு"ன்னாரு. யார்கிட்டயும் போட்டும் குடுக்கலை. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

சேப்டி போட்டிருந்ததேன்னு மனசு சமாதானம் சொல்லும். அந்த மாதிரித் துப்பாக்கியில பெரும்பாலும் சேப்டி டிரிக்கரைத்தான் பூட்டும். சாச்சு வச்சது சரிஞ்சு விழுந்தா, அந்த அதிர்ச்சியிலேயே வெடிக்க வாய்ப்பு இருக்கு.

ஏன் அப்படி ஆச்சுன்னு பல வருஷம் யோசிச்சிருக்கேன். பட்டாளத்துல ஆயுதத்தை நம்ம இஷ்டத்துக்குக் காலி பண்ண மாட்டோம். ஒருத்தர் கட்டளை குடுப்பாரு, வரிசையா திறப்போம், அவர் ஒவ்வொண்ணா குனிஞ்சு பாப்பாரு. வங்கியில அந்த ஆளு இல்லை. நமக்கு நாமே ஹவில்தார். அன்னையிலேருந்து துப்பாக்கியைத் தொடும்போதெல்லாம் எனக்கு நானே வாய்விட்டுக் கட்டளை குடுத்துக்கறேன்: "திற. வலது பாரு. இடது பாரு. விரலை விட்டுப் பாரு." பாக்கறவங்க பைத்தியம்னு நினைப்பாங்க. நினைக்கட்டும். நடுவுல யாராவது கூப்பிட்டா பதில் சொல்லாம முடிச்சுட்டு, சந்தேகம் வந்தா மறுபடி முதல்லேருந்து.

அந்தப் பையன் இப்ப ஜங்ஷன் பக்கம் சொந்தமா கடை வச்சிருக்கான். ரெண்டு குழந்தைங்க. என்னைப் பாத்தா, "அண்ணா, ஒரு டீ சாப்பிட்டுப் போங்க"ம்பான், காசு வாங்க மாட்டான். அவனுக்கு இது எதுவுமே தெரியாது. அந்த டீ மட்டும் எனக்குத் தொண்டையில மெதுவாத்தான் இறங்கும்.

தம்பி, திங்கக்கிழமை நீ வேலைக்குச் சேர்ற. கொள்ளைக்காரன் வருவானா வரமாட்டானா தெரியாது. டீக்காரப் பையன் தினமும் ரெண்டு வேளை வருவான். அவனை ஞாபகம் வச்சுக்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "அண்ணனே இப்படியா"ன்னு நினைச்சா தப்பில்லை. நினைக்கணும்னுதான் எழுதினேன்.