எருமை மடி மேகம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

"இயற்கைக் காட்சி வரைக" என்றால் உங்கள் கை தானாக என்ன வரையும்? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், மேலே மூன்று வளைவு வைத்த மேகம். சரிதானே? உங்களுக்கு அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது என்னைப் போன்ற ஒரு டீச்சராகத்தான் இருக்கும்.

நானும் 34 வருடம் அதையேதான் வரைந்தேன். அதில் சில வருடங்கள் சேந்தமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கொல்லிமலை. அது முக்கோணமே இல்லை. மதில் கட்டியது போல நீளமாக, உச்சி தட்டையாகப் படுத்திருக்கும். பிள்ளைகள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போர்டில் இருந்த என் முக்கோணத்தைப் பார்த்து வரைவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மே மாதம் ஒரு நாள். மதியம் முழுக்க ஒரே புழுக்கம். கொல்லிமலைப் பக்கம் இடி உருண்டுகொண்டே இருந்தது. எங்கள் தெருவுக்கு நாலு தூறல்தான். சாயங்காலம் ஆறு மணி வாக்கில், மாடியில் காய்ந்த வடகத்தை எடுக்கப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் கிழக்கு வானம் முழுவதும் பை பையாகத் தொங்குகிறது. மேலே குமிழ் விட்ட மேகம் இல்லை. அடிப்பக்கம் குமிழ் விட்ட மேகம். மேற்கே இறங்கும் சூரியன் ஒவ்வொரு பையின் ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. கால் மணி நேரம் இருக்கும். பிறகு கரைந்துபோனது. நான் வடகத் தட்டோடு அப்படியே நின்றிருந்தேன்.

நின்றதற்குக் காரணம் மேகம் மட்டும் இல்லை. ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

1996 இருக்கும். நாலாம் வகுப்பு. இதே இயற்கைக் காட்சிதான். எல்லாரும் மூன்று வளைவு மேகம் போட, ஒருவன் மட்டும் மேகத்தைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டிருந்தான்.

"என்னடா இது, மேகம் தலைகீழா இருக்குமா?"

"நேத்து மாடு ஓட்டிட்டு வரப்பப் பார்த்தனுங்க டீச்சர். எருமை மடி மாட்டம் தொங்குச்சுங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிவப்பு மையால் அந்த மேகத்தின் மேல் பெருக்கல் குறி போட்டு, "போர்டைப் பார்த்துப் போடு" என்றேன். அவனும் மறுபக்கம் திருப்பி மூன்று வளைவு மேகம் போட்டுக் கொண்டுவந்தான். 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று ராத்திரி செல்போனில் தேடிப் படித்தேன். 1802-ல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து தயாரிப்பாளர் மேகங்களுக்கு லத்தீனில் பெயர் வைக்கத் தொடங்கினார். அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் இந்தத் தொங்கும் மேகத்துக்கு வைத்த பெயர் மம்மட்டஸ். மம்மா என்ற லத்தீன் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? முலை, மடி! படித்த விஞ்ஞானிகள் வைத்த பெயரை மாடு மேய்த்த ஒன்பது வயதுப் பையன் தானாகவே சொல்லியிருக்கிறான். நான் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

இது எப்படி உருவாகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இடிமழை கொண்டுவரும் மேகத்தைப் பாடப்புத்தகத்தில் கார்திரள் மேகம் என்போம். அது 10 கிலோமீட்டருக்கும் மேலே ஏறி, அதற்கு மேல் போக முடியாமல் குடை மாதிரி பக்கவாட்டில் விரியும். அந்தக் குடையின் அடியில்தான் பெரும்பாலும் இந்தப் பைகள் வரும். சாதாரண மேகத்தில் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறுவதால் மேல்பக்கம் குமிழ் விடும். இதிலோ குளிர்ந்த ஈரக்காற்று கீழே இறங்குவதால் அடிப்பக்கம் குமிழ் விடும். ஏன் இவ்வளவு ஒழுங்காகத் தொங்குகிறது என்பதற்கு விஞ்ஞானிகளிடமே இன்னும் ஒரே முடிவான பதில் இல்லை. ஆக, அவன் போட்டது நிஜமாகவே தலைகீழ் மேகம்தான்.

மறுநாள் காலையில் அதை வரைய உட்கார்ந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த ஆர்ட் ஜர்னல் ஒன்று இருக்கிறது. படம், எழுத்து, ஒட்டுவது எல்லாம் கலந்த நாட்குறிப்பு. அதில் இடது பக்கம் படம், வலது பக்கம் குறிப்பு என்று பிரித்துக்கொண்டேன்.

முதலில் தாளை முழுக்க நனைத்து வெளிர் மஞ்சள் பூசினேன். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பைத் தொடவில்லை. நீலத்தோடு செம்மண் நிறம் கலந்தால் உயிருள்ள சாம்பல் வரும். அது காய்வதற்குள் பஞ்சை உருட்டி ஒற்றி ஒற்றி எடுத்தால் வெளிச்சம் பட்ட வயிறுகள் வந்துவிடும். இடையில் இருக்கும் பள்ளங்களுக்கு மட்டும் மறுபடி அடர்நிறம்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, முட்டை அட்டையைக் கவுத்து வச்சிருக்கீங்க?" என்றார். நாமக்கல்காரர் வேறென்ன சொல்வார்! கோபம் வந்தது, அப்புறம் யோசனையும் வந்தது. சமையலறையில் இருந்த முட்டை அட்டையைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, படத்தின் அடியில் கொல்லிமலை வரவேண்டிய இடத்தில் அமுக்கி ஒட்டினேன். காய்ந்ததும் சொரசொரவென்று மலையாகவே நின்றது. முக்கோணம் இல்லாத மலை.

வலது பக்கத்தில் தேதி, மணி, காற்றின் திசை எழுதினேன். ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1821, 1822-ல் லண்டன் அருகே ஹாம்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே நிறைய வரைந்தார்; பல படங்களின் பின்னால் இந்த விவரங்களைக் குறித்தும் வைத்தார். நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கீழே நம் பழைய சொற்கள்: முகில், மஞ்சு, கொண்டல், எழிலி, கார். இத்தனை பெயர் வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரே மேகத்தைத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன்.

தலைப்பு மட்டும் எழுதவில்லை. அது அவனுடையது.

அவனோடு படித்தவர் மூலம் நம்பர் வாங்கிப் பேசினேன். இப்போது லாரி ஓட்டுகிறான். நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"நாலாவது படிக்கிறப்ப மேகத்தைத் தலைகீழா வரைஞ்சியே, ஞாபகம் இருக்காப்பா?"

"இல்லைங்களே டீச்சர். எனக்கு டிராயிங்கெல்லாம் சின்ன வயசுல இருந்தே வராதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று நான் சிவப்புக் குறி போட்டது தப்பு என்று சொன்னேன். "அட, அதையெல்லாம் போய் நெனச்சுக்கிட்டு, விடுங்க டீச்சர்" என்றான். படத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினேன். மேகத்தின் பெயரையோ அன்று அவன் சொன்னதையோ நான் வாயே திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவு வந்தது. பின்னால் இன்ஜின் சத்தம்.

"டீச்சர், இது நம்ம கொல்லிமலைங்களா? மேகம் எருமை மடி மாட்டமே இருக்குதுங்க."

மூன்று முறை கேட்டேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து வலது பக்கத்தின் உச்சியில் தலைப்பை எழுதினேன்: எருமை மடி மேகம். பக்கத்தில் ஒரு சரி குறி போட்டேன். 'நன்று' போடவில்லை. அதைப் போட எனக்கென்ன தகுதி?

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, அடுத்த ஓவிய வகுப்பில் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள்.

இந்த மேகத்தைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.