சீட்டின் பின்பக்கம்

தென்கடற்கரைச் சிற்றூர்களில் தேர்பவனி முடிந்த இரவில் மெல்லிசைக் கச்சேரி இல்லையென்றால் திருவிழா நிறைவு பெற்றதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் ஆலய முற்றத்து மணலில் பாய் விரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒலிபெருக்கியைச் சோதிக்கும் குரல் கேட்கும். முதற்பாடல் நம் பாதுகாவலருக்கு. பின்பு ஒரு விநாயகர் பாடலும், நாகூர் ஹனீபா பாடிப் புகழ்பெற்ற இசுலாமியப் பாடலொன்றும் வரும். இம்மூன்றும் முடியும்வரை பொறுத்திருக்கும் கூட்டம், நான்காம் பாடலுக்குள் சீட்டனுப்பத் தொடங்கிவிடும்.

அன்பு வாசகர்களே, அந்தச் சீட்டுகளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். சிகரெட் பெட்டியின் அட்டை, நாட்காட்டித் தாள், பள்ளிக் குறிப்பேட்டின் ஓரம் என எதிலும் எழுதப்பட்டு, சிறுவர் கைமாறி அவை மேடையேறும். சிலவற்றில் பத்து ரூபாய்த் தாளொன்று குத்தப்பட்டிருக்கும். பாடலின் பெயர் ஒரு வரி. கேட்போரின் பெயர்கள் ஏழு வரி. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தைக் கேட்டு வளர்ந்த கரையல்லவா! பாட்டைவிடத் தம் பெயர் காற்றில் வருவதற்கே காதைத் தீட்டிக் காத்திருந்தவர்கள் நம் மக்கள்.

மெல்லிசைக் குழுக்களை எளிதாக எண்ணுவோர் உண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மேடைக் குழுவில் ஒரு காலத்தில் வாசித்தவர் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபின், அவர் இசையமைத்த பாடல்களையே பிற குழுக்களின் மேடைகளுக்கு மக்கள் சீட்டில் எழுதியனுப்பினர். மேடையில் கற்பது சிறிய கல்வியன்று. அதில் ஒரு பாடத்தை நாம் நேரில் கண்டோம்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த கடலோரப் பங்கு அது. வடக்குத் தெரு இளைஞர் ரஜினிக்கும் தெற்குத் தெருவினர் கமலுக்கும் உயிரைக் கொடுப்பவர்கள். முந்தைய ஆண்டு பாட்டால் எழுந்த சண்டையில் நாற்காலிகள் பறந்திருந்தன. எனவே, சீட்டுகளை முதலில் நாம் பார்த்துத் தரவேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற சூடு ஆறாத காலம், மறுப்போமா? மேடையோரம் நாற்காலியிட்டு அமர்ந்து, தக்கது, தகாதது எனப் பிரிக்கலானோம்.

நாம் தந்தவற்றை மாஸ்டர் கையாண்ட விதமே வேறு. ஐம்பதைக் கடந்த அவர் ஆர்மோனியத்தில் தொடங்கிக் கீபோர்டுக்கு வந்தவர். அன்று பாடவிருந்த பாடல்களை முன்னரே வரிசைப்படுத்தி வைத்திருந்தார். சீட்டில் கேட்ட பாடல் அவ்வரிசையில் இருந்துவிட்டால், அதற்காகவே பாடுவதுபோல் கேட்டவர் பெயரை அறிவிக்கச் செய்வார். ஒரே பாட்டுக்கு நான்கு குடும்பங்களின் பெயர்களைச் சேர்த்து நால்வரையும் மகிழ்விப்பார். ஒத்திகை பாராத பாட்டென்றால், அதே படத்தின் வேறொரு பாட்டு. பாடகருக்கு எட்டாத உச்சமென்றால், பொத்தானைத் தட்டிச் சுருதியில் ஒரு கட்டை இறக்கம். புல்லாங்குழல் இல்லாமல் எடுபடாத பாட்டுக்குப் பல்லவியோடு மங்களம். வடக்குத் தெருவுக்கு ஒன்று பாடினால், கைத்தட்டல் ஓயுமுன்னே தெற்குத் தெருவுக்கு ஒன்று. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம். சௌந்தரராஜன் ஒருவரே குரல் கொடுத்தது மேடைக்காரர்களுக்குப் பெரும் வரம் என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

பாட இயலாது என்று மட்டும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. “வருது, வருது” என்பார். இது பொய்யாகாதா என்று நமது அறநெறி இறையியல் முணுமுணுத்தது. இன்று அதைப் பொய்யென்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

இரவு பன்னிரண்டை நெருங்கும்போது, நாம் தள்ளிவைத்த சீட்டுகளை அவர் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாய்ப் பார்த்து, ஒன்றில் நிறுத்தினார்.

“இதை ஏன் சாமி கழிச்சீங்க?”

1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் அண்ணனும் தங்கையும் பாடுவதாய் அமைந்த பாடல் அது. மகிழ்ச்சியான விழா இரவில் மனத்தைக் கலக்கும் பழைய பாட்டு எதற்கு என்றோம். கேட்டவர் பெயரும் அதில் இல்லை.

“பின்பக்கம் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. நாட்காட்டித் தாளின் மறுபக்கத்தில், மூலையில், பென்சிலால் ஓர் இளைஞனின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. இரண்டு திங்களுக்கு முன் கடலுக்குச் சென்று மீளாதவன். உடல் கரைசேராத நிலையில் அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தது நாமே. அவனுக்கு ஒரு தங்கை உண்டு என்பதையும் அறிவோம். வெளியூர்க்காரரான மாஸ்டரோ அவர்களில் ஒருவரையும் அறியார்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்தார். அந்தப் பெயரையாவது சொல்லச் சொல்வோமா என்று கேட்டோம். செய்த தவறுக்கு விரைவாகப் பரிகாரம் தேடும் அவசரம் நமக்கு.

“வேண்டாம் சாமி. பேரை முன்னால எழுதுறவங்களுக்குப் பேருதான் வேணும். பின்னால எழுதுறவங்களுக்கு அப்படியில்ல. சொன்னா கூட்டம் முழுக்க அந்தப் பிள்ளையத் திரும்பிப் பாக்கும்.”

அறிவிப்பே இல்லாமல் பாட்டுத் தொடங்கியது. டிரம்ஸ் இல்லை, தபேலா மட்டும் மெதுவாக. பல்லவியும் ஒரு சரணமும் பாடி முடித்தார்கள். கூட்டம் கனத்துப்போகுமுன் துள்ளலான பாட்டொன்றுக்குக் கீபோர்டு தாவிவிட்டது. வடக்குத் தெரு எழுந்து ஆடியது. அந்தப் பெண் மணலில் எங்கேனும் அமர்ந்திருந்தாளா, வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டாளா, அன்றி உறங்கிவிட்டாளா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. பின்னர் பலமுறை அவளைக் கண்டும் கேட்டதில்லை.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்திருந்த கருத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றன் பின்புறமும் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இன்று காலம் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது; விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அரசு தளர்வு தரலாம். நேரம் சுருங்கியதால் நேயர் விருப்பமும் சுருங்கிற்று. பாடகர்கள் கைப்பேசியைப் பார்த்துப் பாடுகிறார்கள். இப்போதைய நமது பங்கின் திருவிழாவுக்கு வரும் குழுவினர், பாடல் கேட்போருக்கென வாட்ஸ்அப் எண்ணே தந்துள்ளனர். ஆயினும் கிழவிகள் சீட்டுத்தான் கொடுப்பார்களாம். “அதையெல்லாம் நீங்க ஒரு பார்வை பாத்துத் தருவீங்களா சாமி?” என்று விழாக் குழு இளைஞர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்.

நேரே மாஸ்டரிடமே கொடுத்துவிடும்படி சொன்னோம்.